கோறணமேந்து உத்தியோகமும் மாரடைப்பும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்பது நான் சிறுவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடிக்கடி கேட்ட பழமொழி. கோறணமேந்து என்பது கவர்ண்மெண்ட், அதாவது அரசாங்கம். வெயிலில் காயத் தேவையில்லை. மழையில் நனையத் தேவையில்லை. மாதம் முடிந்தால் சம்பளம். வயது போனால் ஓய்வூதியம். இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? தோட்டத்துக்கு நீரிறைத்துக் களைத்த ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவு அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது.

எனது தந்தையார் அந்தக் கனவின்படி வாழ்ந்தவர். அரச அலுவலகம் ஒன்றில் லிகிதராகச் சேர்ந்து, லிகிதராகவே இருந்து, 1982 ஆம் ஆண்டு தமது 51 ஆவது வயதில் மாரடைப்பினால் காலமானார். எனக்கு அப்போது 13 வயது. செத்தவீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் முற்றத்து வாங்குகளில் அமர்ந்து பேசிக்கொண்டது இன்றும் நினைவில் உள்ளது. எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் கேட்டார்: "மேசையிலை இருந்து பேனை பிடிச்ச மனிசனுக்கு அப்பிடி என்ன கஷ்ரம்? பெரிய துரைமாருக்கு வாற வருத்தம் எங்கடை அண்ணைக்கு ஏன் வந்தது?" தந்தையாருக்குச் சுருட்டுப் பழக்கமோ குடிப்பழக்கமோ இருக்கவில்லை. எனவே எவரிடமும் பதில் இருக்கவில்லை.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டதாரி, முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். ஆயினும் சித்தப்பாவின் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அதற்கான பதிலை உலகின் வேறொரு மூலையில் சிலர் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அந்தப் பதிலின் முதற்பகுதி என் தந்தையார் இறப்பதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னரே அச்சாகிவிட்டது என்பதையும் பிற்காலத்திலேயே அறிந்துகொண்டேன். அந்த வரலாற்றைத்தான் இங்கு எழுத விழைகின்றேன்.

முதலில் சித்தப்பாவுக்கு நியாயம் செய்யவேண்டும். மாரடைப்பு பெரிய மனிதர்களின் நோய் என்பது அவருடைய அறியாமை அன்று; அது மருத்துவ உலகமே நெடுங்காலம் கொண்டிருந்த கருத்து. 1910 ஆம் ஆண்டில் லண்டனில் நெஞ்சுவலி நோய் பற்றி விரிவுரைகள் நிகழ்த்திய புகழ்பெற்ற வைத்தியர் வில்லியம் ஒஸ்லர், அந்நோய்க்கு ஆளாகிறவர் நலிந்த மனிதர் அல்லர், ஊக்கமும் உயர்வெண்ணமும் கொண்டு ஓய்வின்றி உழைப்பவரே என்ற சித்திரத்தை வரைந்தார். அவருடைய நோயாளிகளில் பலர் வைத்தியர்கள். ஒஸ்லரைப் போன்ற ஒருவரிடம் சென்று காட்டக்கூடியவர்கள் எத்தகையவர்கள் என்று அக்காலத்தில் எவரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

1958 ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் வோல்ட்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்ற உளவியலாளர் குரங்குகளைச் சோடி சோடியாக நாற்காலிகளில் பிணைத்துவைத்து மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒரு குரங்கின் கையில் ஒரு நெம்புகோல் இருந்தது. அதை உரிய வேளையில் அழுத்தினால் இரண்டுக்கும் அதிர்ச்சி வராது. மற்றக் குரங்குக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பொறுப்புள்ள குரங்கின் தயவில் அது இருந்தது. பொறுப்புள்ள குரங்குகள் இரைப்பைப் புண் வந்து இறந்தன, மற்றவை தப்பின. "நிறைவேற்று அதிகாரிக் குரங்குகள்" என்ற பெயரில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. தீர்மானம் எடுப்பவனே தீர்ந்துபோகிறான் என்று பெரிய பதவியில் இருந்தோர் தமக்காக இரங்கிக்கொள்ள இது நன்கு உதவியது.

ஆனால் பரிசோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. எந்தக் குரங்குக்கு நெம்புகோலைக் கொடுப்பது என்பதைப் பிரேடி சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. முன்சோதனையில் வேகமாக அழுத்திய குரங்குகளுக்கே அப்பதவியைக் கொடுத்தார். பதற்றம் கூடிய குரங்குகளே அதிகாரிகள் ஆயின. பின்னர் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளைக் கொண்டு இதனைத் திருத்தமாகச் செய்தபோது முடிவு தலைகீழாக வந்தது. அதிர்ச்சியைத் தடுக்கும் வழி தன் கையில் இருந்த எலிக்குப் புண் குறைவு. ஒன்றும் செய்ய இயலாமல் இருந்த எலிக்கே அதிகம். மனிதரின் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு கிருமியே பிரதான காரணம் எனக் கண்டவர்களுக்கு 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது வேறு கதை.

குரங்கும் எலியும் நிற்க, மனிதரிடம் வருவோம். லண்டனில் பிரித்தானிய அரசின் அமைச்சுகள் வரிசையாக அமைந்துள்ள வீதியின் பெயர் வைட்ஹோல். பிரித்தானிய அரச சேவையையே அப்பெயரால் அழைப்பது வழக்கம். 1854 ஆம் ஆண்டில் ஸ்ரபர்ட் நோர்த்கோட், சார்ள்ஸ் ட்ரெவெலியன் என்ற இருவர் இச்சேவையைச் சீர்திருத்துவதற்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். செல்வாக்கினால் பதவி பெறுவதை ஒழித்துப் போட்டிப் பரீட்சையைப் புகுத்தவேண்டும் என்ற அதன் பரிந்துரையையே வரலாற்று மாணவர்கள் நினைவிற் கொள்வர். அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது. அலுவலக வேலையைச் சிந்தனை வேலை, இயந்திர வேலை என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆட்களை எடுக்கவேண்டும் என்பதே அது. யோசிப்பவர் ஒருவர், பிரதி எடுப்பவர் இன்னொருவர்.

இந்த ஏணியைத்தான் பிரித்தானியர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். உச்சியில் சிவில் சேவை, அதன் கீழ் லிகிதர் சேவை, அடியில் பியோன். 1963 இல் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவானபோது உச்சிப்படியின் பெயர் மாறியது, ஏணி மாறவில்லை. என் தந்தையார் நின்றது இந்த ஏணியின் நடுப்படியில்.

1967 ஆம் ஆண்டில் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் ஆகியோர் இந்த வைட்ஹோல் ஏணியில் நின்றவர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகத்தர்களின் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், சர்க்கரை, உயரம், எடை, புகைப்பழக்கம் யாவும் பதியப்பட்டன. பின்னர் யார் யார் எப்போது எந்நோயால் இறக்கின்றனர் என்று காத்திருந்து கணக்கெடுத்தனர். பதவிப் படிநிலை பற்றிய கேள்வி இந்த ஆய்வின் பிரதான நோக்கமாக முதலில் இருக்கவில்லை. ஒவ்வொருவரின் பதவித்தரமும் பதிவில் இருந்தது, அவ்வளவுதான்.

1978 ஆம் ஆண்டில், சிட்னியில் மருத்துவம் கற்று, கலிபோர்னியாவில் ஆய்வுப்பட்டம் பெற்று, லண்டன் வந்து சேர்ந்திருந்த மைக்கல் மார்மட் என்ற இளம் வைத்தியர் ரோஸ் முதலானோருடன் சேர்ந்து அந்தக் கணக்கை வெளியிட்டார். உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளோடு ஒப்பிடும்போது, அடியில் இருந்த தூதுவர்களும் பியோன்களும் இருதய நோயால் இறக்கும் வீதம் 3.6 மடங்காக இருந்தது. சித்தப்பாவும் ஒஸ்லரும் குரங்கும் சொன்னதற்கு நேர்மாறான முடிவு.

இதில் வியப்புக்குரிய விடயம் அடிமட்டத்தில் இருந்தவரின் நிலை மட்டும் அன்று. ஏணியின் ஒவ்வொரு படியிலும் இவ்வேறுபாடு தெரிந்தது. பியோனைவிட லிகிதர் மேல். லிகிதரைவிட நிறைவேற்றுத்தர உத்தியோகத்தர் மேல். அவரைவிட நிர்வாக அதிகாரி மேல். இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவர் அல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம், ஒரே நகரம், இலவச தேசிய சுகாதார சேவை. ஈயத்தூளும் நிலக்கரிப் புகையும் இல்லாத, கதிரையும் மேசையும் உள்ள வேலை. கோறணமேந்து உத்தியோகம் என்றால் இதுதான். அதற்குள்ளேயே சாவு படிப்படியாக இறங்கி வந்தது.

கீழ்ப்படியில் உள்ளோர் அதிகம் புகைப்பார்கள், அதனால்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆய்வாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் உண்மையிலேயே அதிகம் புகைத்தனர். இரத்த அழுத்தமும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், எடை, சர்க்கரை, உடற்பயிற்சி ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அந்த மிச்சத்துக்குப் பெயர் என்ன?

அந்தப் பெயரைத் தேடினால் மருத்துவத்துக்கு வெளியே, தொழிலின் வரலாற்றுக்குள் செல்லவேண்டியுள்ளது. 1713 ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாஸினி தொழிலாளரின் நோய்கள் பற்றி எழுதிய நூலில் எழுத்தர்களையும் சேர்த்திருந்தார். அவர்களின் நோய்க்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று: ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், பிழை விட்டுவிடக் கூடாதே என்று மனம் எப்போதும் இறுகியிருத்தல். மூன்றாவதைக் கவனியுங்கள்.

1911 இல் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெய்லர் தமது விஞ்ஞான முகாமைத்துவக் கொள்கைகளை நூலாக வெளியிட்டார். நோர்த்கோட்டும் ட்ரெவெலியனும் அலுவலகத்தில் செய்ததை அவர் தொழிற்சாலையில் செய்தார். பெத்லகேம் உருக்காலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை தொன் இரும்புப்பாளம் சுமந்த தொழிலாளியை நாற்பத்தேழரை தொன் சுமக்கவைத்ததாகவும், அதற்காக அவனுடைய நாட்கூலியை 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்த்தியதாகவும் அவர் பெருமையோடு விவரிக்கிறார். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது ஓய்வது என்பதைக் கடிகாரத்தோடு நிற்கும் ஒருவரே சொல்வார். சிந்தனை முழுவதும் திட்டமிடும் அறைக்குப் போய்விட வேண்டும் என்பதே டெய்லரின் அடிப்படை. கூலி உயர்ந்தது, உற்பத்தி பன்மடங்கு உயர்ந்தது. தன் வேலைமீது தொழிலாளிக்கு இருந்த பிடி மட்டும் போய்விட்டது.

அந்தப் பிடி போனால் என்ன நடக்கும் என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்ற இருவர். எரிக் டிரிஸ்ட் என்ற உளவியலாளரும், முன்னர் தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பம்ஃபோர்த்தும் 1951 இல் தமது ஆய்வை வெளியிட்டனர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர், ஒருவரையொருவர் தாமே தெரிந்தெடுத்து, நிலக்கரியை வெட்டுவதிலிருந்து ஏற்றுவது வரை முழு வேலையையும் தம் பொறுப்பில் செய்தனர். இயந்திரம் வந்ததும் வேலை மூன்று ஷிப்டுகளாகத் துண்டாடப்பட்டது. ஒரு ஷிப்ட் வெட்டும், ஒன்று அள்ளும், ஒன்று இயந்திரத்தை நகர்த்தும். ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழும். இயந்திரம் வந்த பிறகு வரவின்மையும், மனம் சார்ந்த உடல் நோய்களும் பெருகின. நிலக்கரி அதே நிலக்கரி, இருட்டு அதே இருட்டு. மாறியது வேலையின் ஒழுங்கு.

இந்த இழைகளையெல்லாம் ஒன்றாக முறுக்கியவர் ரொபர்ட் கராசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1979 ஆம் ஆண்டில், சுவீடனிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தொழிலாளரிடம் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைப்பளு எவ்வளவு என்று மட்டும் கேட்பது போதாது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு என்றும் கேட்கவேண்டும். பளுவும் அதிகம், உரிமையும் அதிகம் என்றால் அது உற்சாகமான வேலை; மனிதன் அதில் கற்று வளர்கிறான். சத்திரசிகிச்சை நிபுணரையும், சொந்தத் தோட்டத்தில் பாடுபடும் கமக்காரரையும் இதில் சேர்க்கலாம். பளு அதிகம், உரிமை குறைவு என்றால் அதுவே உடலை அரிக்கும் வேலை. நேரசூசிக்குள் அகப்பட்ட பஸ் சாரதி, பொருத்துப் பட்டியின் முன் நிற்பவர், பிறருடைய வார்த்தைகளைத் தட்டச்சு செய்பவர் இதில் அடங்குவர். அவர் சொன்ன தீர்மான உரிமையில் இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, சொல்லுரிமை, மற்றது, தன் திறமையைப் பயன்படுத்த இடம் கிடைத்தல்.

மறு வருடம், 1980 இல், அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரத்து இருதய ஆய்விலிருந்து ஒரு முடிவு வந்தது. லிகிதர் வேலை பார்த்த பெண்களுக்கு இருதய நோய் வீட்டிலிருந்த பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகள் உள்ள பெண் லிகிதர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆதரவில்லாத மேலதிகாரி, வெளியே காட்டாமல் விழுங்கிய கோபம், வேறு வேலைக்கு மாற வழியின்மை என்பனவே அவர்களிடையே நோயோடு சேர்ந்து காணப்பட்டவை.

இப்போது மீண்டும் வைட்ஹோல். 1985 இல் மார்மட் இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார். இம்முறை 35 இலிருந்து 55 வயது வரையிலான 10,308 பேர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்கள். உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று நீங்களே தீர்மானிக்க முடியுமா, வேலையின் வேகம் உங்கள் கையில் உள்ளதா என்பன போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. ஊழியர்கள் மனக்குறையினால் மிகைப்படுத்தலாம் என்பதால், ஒவ்வொரு பதவிக்கும் எவ்வளவு சுயாதீனம் உண்டு என்று நிர்வாகத்தினரிடமும் தனியாகக் கேட்டு மதிப்பிட்டனர்.

1997 ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மூன்று வருட இடைவெளியில் இரு தடவை கேட்டபோதும் தம் வேலைமீது பிடி இல்லை என்று சொன்னவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு, இரு தடவையும் பிடி உண்டு என்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ இரு மடங்கு. ஊழியர் சொன்னதை வைத்துப் பார்த்தாலும், நிர்வாகத்தினர் சொன்னதை வைத்துப் பார்த்தாலும் திசை ஒன்றே. அந்த ஆய்வில் வேலைப்பளுவுக்கும் இருதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்பது கராசெக்கின் கருத்திலிருந்து சற்று விலகிய முடிவு. மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கிய காரணிகளுள் ஆகப் பெரிய பங்கு வேலைமீதான பிடியின்மைக்கே இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1997 இல் நான் கொழும்பில் பத்திரிகை ஒன்றின் ஆசிரிய பீடத்தில் இளம் உதவி ஆசிரியர். இச்செய்தி வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் மூலம் என் மேசைக்கு வந்தது. பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் இருந்தது. நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டேன். சித்தப்பாவின் கேள்விக்கான பதிலை என் கையாலேயே வெட்டி இடம் நிரப்பினேன் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ஆபத்தைக் கண்டால் உடல் தயாராகும்; இருதயம் வேகமாக அடிக்கும்; இரத்த அழுத்தம் ஏறும்; ஆபத்து நீங்கினால் இறங்கும். இறங்காவிட்டால்தான் கேடு. வைட்ஹோல் உத்தியோகத்தர்களின் இரத்த அழுத்தத்தை அலுவலகத்திலும் வீட்டிலும் அளந்தபோது, வேலை நேரத்தில் மேலதிகாரிக்கும் கீழ்நிலை ஊழியருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வீட்டுக்குப் போன பின்னர் மேலதிகாரிகளின் அழுத்தம் நன்கு இறங்கியது. கீழ்நிலையில் இருந்தோருக்கு அவ்வளவு இறங்கவில்லை. அதே ஆய்வுக் குழு 2006 இல் வெளியிட்ட கட்டுரையில், நெடுங்காலம் வேலை நெருக்கடிக்கு உள்ளானோருக்குத் தொந்தி, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரைக் குழப்பம் ஆகியவை ஒன்றுசேர்ந்து வரும் நிலை இரு மடங்குக்கு மேல் காணப்பட்டதாகக் கூறப்பட்டது.

இதை வாசித்தபோது தந்தையாரின் மாலைப்பொழுதுகள் நினைவுக்கு வந்தன. வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சேட்டைக் கழற்றாமலே சாய்மனைக் கதிரையில் நெடுநேரம் பேசாது இருப்பார். காலையில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுமுன் போய்ச் சேரவேண்டும் என்ற அவதி. நாள் முழுவதும் கடிதங்கள் வரைவார். எதிலும் அவருடைய கையொப்பம் இருக்காது. ஒரு கோவை மூன்று முறை திரும்பி வரும். ஏன் என்று கேட்க முடியாது. என்ன பிழை என்று தெரியாத பிழைக்கு விளக்கக் கடிதம் எழுதுவார். அம்மாவிடம் அவர் சொன்ன குறைகள் இவைதான். இவை குறைகளாகவே எவருக்கும் தோன்றவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். புள்ளிவிபரம் கூட்டத்தைப் பற்றிப் பேசும். தனிமனிதன் ஏன் இறந்தான் என்று அது சொல்லாது. 2012 இல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்ந்த 197,473 பேரின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, பளு கூடி உரிமை குறைந்த வேலையில் இருப்போருக்கு இருதய நோய் ஆபத்து 23 வீதம் அதிகம் எனத் தெரியவந்தது. இத்தகைய வேலைகளே இல்லாதொழிந்தால் இருதய நோயில் 3.4 வீதமளவு குறையலாம் எனக் கணித்தனர். தொடர்பு உண்டு, ஆனால் புகைத்தலின் கேட்டுக்கு அருகே அது நிற்காது. சிகரெட்டை ஊதிக்கொண்டு மேலதிகாரியைக் குறை சொல்பவருக்கு இந்த ஆய்வுகள் துணை வரமாட்டா.

வேலைப்பளுவை மறந்துவிடவும் கூடாது. அளவு மீறினால் பளுவே கொல்லும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ வேலை செய்ததன் விளைவாகப் பாரிசவாதத்தினாலும் இருதய நோயினாலும் 2016 ஆம் ஆண்டில் இறந்தோர் 745,000 பேர். ஜப்பானில் 2013 இல் 31 வயதான பெண் செய்தியாளர் ஒருவர் ஒரே மாதத்தில் 159 மணித்தியாலங்கள் மேலதிக வேலை பார்த்த பின் இருதயச் செயலிழப்பால் இறந்தார். தேர்தல் செய்திகளைச் சேகரித்த களைப்பு அது. என் தொழிலைச் சேர்ந்த எவரும் அச்செய்தியை எளிதில் கடந்து செல்ல முடியாது.

வேலையின் ஒழுங்கை மாற்றிப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. சுவீடனில் வொல்வோ நிறுவனம் 1974 இல் கல்மார் நகரில் திறந்த தொழிற்சாலையில் ஓடும் பொருத்துப் பட்டியை நீக்கி, காரின் ஒரு பகுதியை முழுமையாகப் பொருத்தும் பொறுப்பைச் சிறு குழுக்களிடம் கொடுத்தது. வேலையைத் தம்முள் எப்படிப் பகிர்வது என்பதை அக்குழுக்களே தீர்மானித்தன. 1994 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. விற்பனை வீழ்ச்சியும் நிறுவனத்தின் நெருக்கடியும் அதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார்; முறையே செலவு கூடியது என்பர் மற்றொரு சாரார். இன்றோ கடிகாரத்தோடு நின்ற டெய்லரின் ஆள் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டார். உணவுப் பொதி கொண்டு செல்லும் இளைஞனுக்கு எந்த வீதியால் போவது, எத்தனை நிமிடத்தில் போவது என்று செயலி சொல்கிறது. அவன் முறையிடுவதற்கு ஒரு மேலதிகாரியின் முகம்கூட இல்லை.

இறுதியாக என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில் எங்கள் ஒப்புநோக்காளர்களுள் மூத்தவர் ஒருவர் இருதய நோயாளியாகி வேலையை விட்டார். பிரியும் நாளில் அவர் என்னிடம் சொன்னது: "ஐயா, பிழை வந்தால் என்ரை பேர் கெடும். பிழை இல்லாட்டி உங்கடை பேர் விளங்கும். இருபது வருசம் இப்பிடித்தான்." ரமாஸினி 1713 இல் எழுதிய மூன்றாவது காரணம் இதுதான். அந்த அறையில் எந்தப் பக்கம் யாருக்கு, எந்த இரவு யாருக்கு என்று இருபது வருடங்களில் பல நாட்கள் பட்டியல் போட்டவன் நான். அவர்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதன் பின்னர் பட்டியலை அவர்களே போடட்டும் என்று விட்டேன். ஐயம் எழும் சொல்லைத் திருத்தும் அதிகாரத்தையும் கொடுத்தேன். அதனால் யாருடைய இருதயம் பிழைத்தது என்று நான் உரிமை கோர முடியாது. பிழைகள் கூடவில்லை என்பது மட்டும் தெரியும்.

தந்தையார் வாழ்ந்த வயதை நான் கடந்து சில வருடங்கள் ஆகின்றன. சித்தப்பாவும் இன்று இல்லை. இருந்திருந்தால், அண்ணையின் சாவுக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்லியிருக்கமாட்டேன். அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. பெரிய துரைமாருக்கு வரும் வருத்தம் என்று அவர் சொன்னது தவறு என்பதை மட்டும் சொல்லியிருப்பேன். மேசையில் இருந்து பேனை பிடித்த மனிதனுக்கும் கஷ்டம் இருந்தது. அவர் பிடித்த பேனை இன்னொருவர் சொன்னபடியே எழுதியது. கோழி மேய்ப்பவனாவது எந்த வேலிப் பக்கம் அவற்றை ஓட்டுவது என்று தானே தீர்மானிக்கிறான்.